லிக்ஸில் எழுதிய பேப்பரை ஜர்னலுக்கு அனுப்புவது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் தன் முதல் பேப்பரை லிக்ஸ் மென்பொருளில் எழுதி முடித்திருக்கிறார். எல்சேவியர் பதிப்பகத்தின் இதழ் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். பிடிஎஃப் மட்டும் போதுமா, சோர்ஸ் ஃபைலும் கொடுக்க வேண்டுமா என்பது அவருக்குத் தெரியவில்லை. கைடு வேர்ட் ஃபைல் கேட்கிறார். லேபில் உள்ளவர்களோ, "லிக்ஸிலா எழுதினாய்? எந்த ஜர்னலும் வாங்காதே" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. லிக்ஸ் ஃபைலை அப்படியே வாங்கும் ஜர்னலை நான் பார்த்ததில்லை. ஆனால் லிக்ஸிலிருந்து வெளியே எடுக்கும் லேடெக் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் முறை) ஃபைலை வாங்காத ஜர்னல் இயற்பியல், கணிதம், பொறியியல் பக்கம் அரிது. எந்த அடுப்பில் சமைத்தது என்று பந்தியில் உட்கார்ந்தவர் கேட்பதில்லை. இலையில் அடுப்புக்கரி விழாமல் பரிமாறத் தெரிந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கரியைப் பற்றித்தான்.

லிக்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மத்தியாஸ் எட்ரிச் 1995இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. மறு ஆண்டு லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ திட்டத்தைத் தொடங்கியதும் அவரே. லிக்ஸில் எழுதும்போது வேர்ட் போலத்தான் இருக்கும். சமன்பாடு திரையிலேயே சமன்பாடாகத் தெரியும். உள்ளே ஓடுவது லேடெக். உச்சரிப்பில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. லேடெக்குக்கு அடித்தளமான டெக், லேடெக் இரண்டிலும் கடைசி எழுத்து கிரேக்கத்தின் 'கை', அதனால் அதை 'க்' என்று முடிக்கிறோம். ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் படிக்க வைக்கும் ஆர்க்கைவ் தளத்தின் பெயருக்கு நடுவில் இருப்பதும் அதே எழுத்துதான். லிக்ஸ் மட்டும் லிக்ஸ்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் குறிவைத்திருக்கும் இதழின் 'ஆசிரியர்களுக்கான வழிகாட்டி' பக்கத்தை இன்றைக்கே முழுதாகப் படித்துவிடுங்கள். எல்சேவியரின் பல இதழ்கள் முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவத்தையும் வற்புறுத்துவதில்லை. ஒரே பிடிஎஃபாகக் கொடுத்தால் போதும், திருத்திய பதிப்பு அனுப்பும்போதுதான் சோர்ஸ் கேட்பார்கள். உங்கள் இதழும் அப்படியென்றால் முதல் சுற்றில் டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வரி இடைவெளி, பக்க எண், ரிவ்யூவருக்கு வரி எண் ஆகியவை இருந்தால் போதும். வரி எண்ணுக்கு முகப்புரையில், அதாவது டாகுமெண்ட் செட்டிங்ஸில் இருக்கும் ப்ரியாம்பிள் பெட்டியில், லைன்நோ என்ற பேக்கேஜை (லேடெக்கின் துணைத் தொகுப்பு) சேர்க்க வேண்டும். அதன் பழைய பதிப்புகளில் சமன்பாட்டுக்கு முந்தைய பத்தியில் மட்டும் எண் விழாமல் போகும். அது உங்கள் தவறில்லை, கணினியில் டெக்கை நிறுவித் தரும் டெக் லைவ் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

அழகுபடுத்துவதில் நேரம் செலவழிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேப்பர் ஏற்கப்பட்ட பிறகு உங்கள் லேடெக் ஃபைல் அப்படியே அச்சுக்குப் போவதில்லை. டைப்செட்டிங் செய்பவர்கள் அதை எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்து இதழின் பக்கத்தையும் இணையப் பக்கத்தையும் உருவாக்குகிறார்கள். உலகின் பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் இந்த வேலை நடப்பது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். உங்கள் வகுப்பில் படித்த யாராவது ஒருவர் அங்கே வேலையில் இருக்கக்கூடும். படத்தை மேலே தள்ள நீங்கள் போட்ட எதிர்மறை இடைவெளி, பக்கத்தை உடைக்கப் போட்ட கட்டளை, அட்டவணையை நுழைக்கச் சுருக்கிய எழுத்தளவு எல்லாவற்றையும் அவர்கள் முதல் வேலையாகத் தூக்கிப்போடுவார்கள். அவர்களுக்குத் தேவை அமைப்பு: இது தலைப்பு, இது ஆசிரியர், இது அவர் முகவரி, இது சுருக்கம், இது இரண்டாம் நிலைத் தலைப்பு. லிக்ஸின் பலமே இதுதான். ஆனாலும் பழக்க தோஷத்தில் பலர் லிக்ஸிலும் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கி, அதைத் தலைப்பு என்று வைத்துவிடுகிறார்கள். இடப்பக்கம் மேலே இருக்கும் சின்னப் பட்டியலில் 'செக்‌ஷன்' என்று தேர்ந்தெடுக்காத எதுவும் தலைப்பாகாது.

அடுத்து கிளாஸ், அதாவது ஒவ்வொரு பதிப்பகத்தின் பக்க அமைப்பையும் லேடெக்குக்குச் சொல்லும் ஃபைல். எல்சேவியருக்கு எல்ஸ்ஆர்ட்டிக்கிள், ஐட்ரிபிள்ஈக்கு ஐட்ரிபிள்ஈ-டிரான், அமெரிக்க இயற்பியல் கழக இதழ்களுக்கு ரெவ்டெக். மூன்றுக்கும் லிக்ஸில் தயார் லேஅவுட் (கிளாஸை லிக்ஸுக்குப் புரியவைக்கும் ஃபைல்) இருக்கிறது. (எல்ஸ்ஆர்ட்டிக்கிளை எழுதியது நம் பக்கத்து ஊர்க்காரர்கள். திருவனந்தபுரத்தில் டெக் வேலையில் ஊறிய ஒரு கூட்டமே உண்டு. உலக டெக் பயனர் மாநாடு 2002இலும் 2011இலும் அங்கேதான் நடந்தது.) ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்டிலிருந்து புதிய ஆவணம் திறந்து, உங்கள் உரையை அதில் ஒட்டுவது நல்ல வழி. ஏற்கெனவே எழுதிய ஆவணத்தில் கிளாஸை மட்டும் மாற்றினால் ஆசிரியர், முகவரி பகுதிகள் குழம்பும். அவற்றை ஒவ்வொன்றாக உரிய ஸ்டைலில் திரும்ப இட வேண்டியிருக்கும்.

பட்டியலில் எல்ஸ்ஆர்ட்டிக்கிள் பெயருக்கு முன் 'அன்அவெய்லபிள்' என்று வந்தால், லிக்ஸிடம் லேஅவுட் இருக்கிறது, உங்கள் டெக் நிறுவலில்தான் கிளாஸ் ஃபைல் இல்லை என்று அர்த்தம். டெக் லைவ் அல்லது மிக்டெக் வழியாக அதை நிறுவி, லிக்ஸின் டூல்ஸ் மெனுவில் ரீகன்ஃபிகர் கொடுத்து, லிக்ஸை மூடித் திறங்கள். இந்த மூடித் திறக்கிற வேலையை மறந்துவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

எல்ஸ்ஆர்ட்டிக்கிளில் விழக்கூடிய இன்னொரு குழி மேற்கோள். அந்தக் கிளாஸ் தானாகவே மேற்கோளுக்கான நாட்பிப் பேக்கேஜை ஏற்றிக்கொள்ளும். தீசிஸுக்காக நீங்கள் பிப்லேடெக் என்ற வேறொரு மேற்கோள் பேக்கேஜை வைத்துப் பழகியிருந்தால், அதே செட்டிங்கோடு இங்கே வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரே ஆவணத்தில் அவை சேர்ந்து வாழாது. டாகுமெண்ட் செட்டிங்ஸில் பிப்ளியோகிராஃபி பகுதிக்குப் போய் நாட்பிப் என்று வையுங்கள். அதே இடத்தில் மொழிப் பகுதியில் என்கோடிங்கை யூனிகோட் யூடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள். பழைய லிக்ஸ் ஆவணங்கள் லத்தீன் என்கோடிங்கில் கிடக்கும்; வேறொரு கணினிக்குப் போனதும் டிகிரிக் குறியும் மியூவும் கொக்கி கொக்கியாகத் தெரியும். எழுத்துருவில் 'நான்-டெக் ஃபாண்ட்ஸ்' என்ற பெட்டியை டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால் ஆவணம் ஜீடெக் அல்லது லுவாடெக் என்ற புதிய டெக் எஞ்சின்களில்தான் ஓடும். இதழ்களின் சிஸ்டம் பெரும்பாலும் வழக்கமான எஞ்சினான பிடிஎஃப்லேடெக்கை நம்பி இருப்பவை.

இதழுக்கென்று சொந்தக் கிளாஸ் இருந்து, லிக்ஸில் அதற்கு லேஅவுட் இல்லையென்றால்? நாலு வரியில் ஒரு லேஅவுட் ஃபைல் எழுதலாம், சாதாரண ஆர்ட்டிக்கிள் லேஅவுட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கிளாஸ் பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதே பதிப்பகத்துக்கு மூன்று நான்கு பேப்பர் அனுப்பப் போகிறவருக்கு இது லாபம். ஒரே ஒரு தடவைதான் என்றால் நான் செய்வது வேறு. சாதாரண ஆர்ட்டிக்கிள் கிளாஸில் எழுதி முடித்து, எக்ஸ்போர்ட் செய்து, உடல் பகுதியை மட்டும் வெட்டி, இதழ் தரும் டெம்ப்ளேட்டில் ஒட்டிவிடுவேன். ஒரு மணி நேர வேலை.

இப்போது முக்கியமான இடம். எக்ஸ்போர்ட் மெனுவில் 'லேடெக் (பிடிஎஃப்லேடெக்)' கொடுத்தால் ஒரு டெக் ஃபைல் வரும். திறந்து பாருங்கள். முகப்பில் 'லிக்ஸ் ஸ்பெசிஃபிக்' என்று குறிப்பு போட்டுச் சில கட்டளைகள் இருக்கும். அவை லிக்ஸ் தன் வசதிக்குச் சேர்ப்பவை. தீங்கு செய்யாது, விட்டுவிடுங்கள். ஆனால் டெக் ஃபைலில் நேரடியாகத் திருத்தம் செய்கிற ஆசை வரும், அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேப்பர் ஏற்கப்படும் வரை ஒரு காற்புள்ளியைக்கூட அதில் மாற்றாதீர்கள். எந்தத் திருத்தமும் லிக்ஸ் ஃபைலில்தான். லிக்ஸ் மெனுவில் இல்லாத லேடெக் கட்டளை வேண்டுமென்றால் கண்ட்ரோல்-எல் அழுத்தி டெக் கோட் பெட்டியில் போடுங்கள். அதற்கு லிக்ஸ்காரர்கள் வைத்த பழைய செல்லப்பெயர் 'பொல்லாத சிவப்பு எழுத்து'. பொல்லாததுதான், இருந்தாலும் இரண்டு மூலப் பிரதிகள் வைத்துக்கொண்டு எது புதியது என்று தெரியாமல் விழிப்பதைவிட மேல். ரிவ்யூ முடிந்து வர மூன்று மாதமும் ஆகும், பத்து மாதமும் ஆகும். அப்போது டெக் ஃபைலில் கையால் என்ன மாற்றினோம் என்பது நினைவிருக்காது. (முன்பு சொன்ன வெட்டி ஒட்டும் வழியில் இந்த விதி உடைகிறது. அதனால்தான் அது ஒரே ஒரு தடவைக்கு மட்டும்.)

எக்ஸ்போர்ட் ஆனதும் அனுப்பிவிடக் கூடாது. காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். அதில் டெக் ஃபைல், மேற்கோள் விவரங்கள் இருக்கும் பிப் ஃபைல், படங்கள், டெக் நிறுவலோடு வராத ஸ்டைல் ஃபைல்கள் ஆகியவற்றை மட்டும் வையுங்கள். லிக்ஸை மூடிவிட்டு டெர்மினலில் பிடிஎஃப்லேடெக், பிப்டெக், பிடிஎஃப்லேடெக், பிடிஎஃப்லேடெக் என்று நான்கு முறை ஓட்டுங்கள். ஏன் நான்கு? முதல் ஓட்டத்தில் எந்தெந்த மேற்கோள் தேவை என்ற பட்டியல் உருவாகிறது. பிப்டெக் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் பிப் ஃபைலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி பிபிஎல் என்ற ஃபைலை எழுதுகிறது. அடுத்த ஓட்டம் அதை உள்ளே வைக்கிறது, கடைசி ஓட்டம் எண்களைச் சரிசெய்கிறது. லிக்ஸ் இத்தனை நாளும் உங்களுக்குத் தெரியாமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கேள்விக்குறியாக எந்த மேற்கோளும் நிற்காமல், எல்லாப் படமும் வந்தால் பாஸ். டெர்மினல் பயமாக இருந்தால் ஃபோல்டரை ஜிப் செய்து, இணையத்திலேயே லேடெக் ஓட்டும் ஓவர்லீஃப் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அதுவும் அன்னியக் கணினிதானே. உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்றை நம்பி ஆவணம் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்சேவியரின் பல இதழ்கள் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் சிஸ்டம் உங்கள் ஃபைல்களை வாங்கி, தானே பிடிஎஃப் செய்து காட்டும். அதற்கு உள்ஃபோல்டர் பிடிக்காது, எல்லா ஃபைலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். லிக்ஸில் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தால் டெக் ஃபைலிலும் அந்தப் பாதை அப்படியே வரும், அங்கே படம் கிடைக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே படங்களை லிக்ஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே வைப்பது நல்லது. ஃபைல் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ அடைப்புக்குறியோ வேண்டாம். என் இரண்டாவது பேப்பர் ஓர் இதழிலிருந்து மூன்று முறை, ரிவ்யூவரைப் பார்க்காமலே, திரும்பி வந்தது. காரணம் 'படம் 3 ஃபைனல் புதியது' என்ற பெயரில் நான் வைத்திருந்த ஒரு படம். பெயரில் மூன்று இடைவெளி, மூன்று வாரம் போயிற்று. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் 'தொழில்நுட்பக் காரணம்' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

படங்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடமென்றால் வெக்டர் பிடிஎஃப், புகைப்படமென்றால் 300 டிபிஐ. கோட்டுப்படத்தைப் பிக்சலாகத்தான் கொடுக்க முடியும் என்றால் எல்சேவியர் கேட்பது 1000 டிபிஐ. ஒற்றைப் பத்தி அகலம் 90 மில்லிமீட்டர், முழுப்பக்க அகலம் 190. வரையும்போதே அந்த அளவில் வரையுங்கள். பெரிதாக வரைந்து லிக்ஸில் 40 சதவீதமாகச் சுருக்கினால் அச்சு எண்கள் எறும்பு போலாகிவிடும். பைத்தானில் வரைபடம் வரைய மேட்ப்ளாட்லிப் பயன்படுத்துகிறவர்கள் எழுத்துரு வகையை 42 என்று மாற்றிவையுங்கள். அதன் இயல்பு வகை 3, ஐட்ரிபிள்ஈ பக்கம் அதைக் கண்டாலே பிடிஎஃபைத் திருப்பிவிடுவார்கள். எஸ்விஜி படத்தை நேராகச் சேர்த்தால் எக்ஸ்போர்ட்டின்போது லிக்ஸ் இன்க்ஸ்கேப்பை அழைத்து மாற்றப் பார்க்கும். நீங்களே முன்கூட்டி பிடிஎஃபாக்கி வைத்துக்கொண்டால் ஒரு தலைவலி குறையும்.

மேற்கோள் பட்டியலில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கூகுள் ஸ்காலரிலிருந்து பிப் பதிவை அப்படியே நகலெடுக்கிறோம். அதில் டிஓஐ, அதாவது கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண், இருக்காது. இதழ் பெயர் சில சமயம் சுருக்கமாக, சில சமயம் முழுதாக வரும். டிஓஐ எண்ணை ஸோட்டெரோ, ஜாப்ரெஃப் போன்ற மேற்கோள் மென்பொருளில் கொடுத்தால் அவை பதிப்பகத்தின் பதிவையே கொண்டுவந்து தரும், அது எவ்வளவோ மேல். அப்புறம், பல பிப்டெக் ஸ்டைல்கள் கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடும். ராமன் நிறமாலை பற்றிய கட்டுரையை மேற்கோள் காட்டினால், நோபல் பரிசு வாங்கியவரின் பெயர் சிறிய 'ஆர்'இல் அச்சாகி நிற்கும். பெயர்ச்சொற்கள், வேதிக் குறியீடுகள், சுருக்கெழுத்துகள் எல்லாவற்றையும் பிப் ஃபைலில் நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும். முழுத் தலைப்பையும் இரட்டை அடைப்பில் போடுகிற குறுக்குவழி வேண்டாம், இதழின் ஸ்டைல் வேறு மாதிரி கேட்டால் அது தடையாக நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் பெயர்கள். பிப்டெக்கை ஓரன் படாஷ்னிக் 1985இல் எழுதியபோது அவர் கண்முன் இருந்தது முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற முறை. காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று அது எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் இனிஷியலைப் பின்னால் எழுதுகிறவர்கள் ஏராளம். 'முருகன் எஸ்' என்று பிப் ஃபைலில் இருந்தால் எஸ் குடும்பப்பெயராகிவிடும், முருகன் சுருங்கி 'எம்' ஆவார், பட்டியலில் 'எம். எஸ்' என்று அச்சாகும். பாட வராத ஒருவருக்கு அந்தப் பெயர் எதற்கு? 'முருகன், காற்புள்ளி, எஸ்' என்ற வரிசையில் எழுதினால் சரியாக வரும். ஆசிரியர்களுக்கு நடுவே காற்புள்ளி போடாமல் ஆங்கிலத்தின் 'அண்ட்' என்ற சொல்லைத்தான் போட வேண்டும், எத்தனை பேர் இருந்தாலும். இல்லாவிட்டால் 'பெயரில் காற்புள்ளிகள் அதிகம்' என்று பிப்டெக் புலம்பும். உங்கள் சொந்தப் பெயரையும் இப்போதே ஒரு வடிவத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பேப்பரில் இனிஷியல் முன்னால், அடுத்ததில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று போனால் தரவுத்தளங்கள் உங்களை இரண்டு ஆளாக்கிவிடும். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது இலவசம்.

சில சங்கதிகள் வெளியே போகக் கூடாது. லிக்ஸில் மூன்று வகைக் குறிப்பு உண்டு. 'லிக்ஸ் நோட்' என்பது லிக்ஸுக்குள்ளேயே தங்கிவிடும். 'கமெண்ட்' பிடிஎஃபில் தெரியாது, ஆனால் டெக் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 'கிரேட் அவுட்' பிடிஎஃபிலேயே சாம்பல் நிறத்தில் தெரியும். பேப்பரை ஆர்க்கைவில் போடப் போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு முக்கியம். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய அந்தத் தளம், லேடெக்கில் எழுதியதற்கு பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் ஏற்காது, சோர்ஸ் கேட்கும். அந்த சோர்ஸை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். 'இந்த அளவீடு சந்தேகம், கைடுக்குத் தெரிய வேண்டாம்' என்று நீங்கள் போட்ட கமெண்ட்டை உலகமே படிக்கும். ஆகவே நினைவுக்குறிப்பெல்லாம் லிக்ஸ் நோட்டில் மட்டும். ஆர்க்கைவுக்கு பிபிஎல் ஃபைலையும் சேர்த்தே அனுப்புங்கள், அதன் பெயரும் டெக் ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். காலி ஃபோல்டரில் நான்கு முறை ஓட்டியபோது அது தானாக உருவாகியிருக்கும்.

ரிவ்யூவருக்கு ஆசிரியர் பெயர் தெரியக் கூடாது என்கிற இதழ் என்றால் லிக்ஸின் 'பிராஞ்ச்' வசதி அருமையானது. பெயர், முகவரி, நன்றியுரை, நிதி விவரம் எல்லாவற்றையும் ஒரு பிராஞ்சுக்குள் வைத்துவிடுங்கள். அதை அணைத்து எக்ஸ்போர்ட் செய்தால் பெயரில்லாப் பதிப்பு, போட்டுச் செய்தால் முழுப் பதிப்பு. ஒரே ஃபைலிலிருந்து இரண்டும் வரும். டாகுமெண்ட் செட்டிங்ஸில் பிடிஎஃப் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ஆசிரியர் பெயர் நிரப்பியிருந்தால் அதையும் அழிக்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் பக்கத்தில் மட்டும் பெயரை நீக்குகிறவர்கள் நிறைய.

மொழியியல், தமிழியல் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு பத்தி. உங்களுக்குத் தேவையில்லை என்றால் தாண்டிப் போங்கள். பேப்பருக்குள் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் பிடிஎஃப்லேடெக் உதவாது. லுவாலேடெக்கோ ஜீலேடெக்கோதான் வழி. டெக் லைவ் 2020 முதல் லுவாலேடெக்குக்குள் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் வந்துவிட்டதால் கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக விழுகின்றன. ஆனால் இதழின் சிஸ்டம் அதை ஓட்டுமா என்று அனுப்புவதற்கு முன்பே எடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ஓட்டாது என்றால் ஒலிபெயர்ப்புக்குப் போங்கள், அல்லது தமிழ் எடுத்துக்காட்டு வரிகளை மட்டும் சின்ன பிடிஎஃப் படங்களாகச் செய்து சேருங்கள். பார்க்க நன்றாக இருக்கும், தேடினால் கிடைக்காது. வேறு நல்ல வழி எனக்குத் தென்பட்டதில்லை.

இனி கைடு. அவர் வேர்ட் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓரத்தில் கமெண்ட் போட்டுத் திருத்தி அவருக்குப் பழக்கம். பேண்டாக் என்ற கட்டற்ற கருவி டெக் ஃபைலை வேர்டாக மாற்றும். அதை எழுதிய ஜான் மெக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். சமன்பாடுகள் படமாக இல்லாமல் வேர்டின் சொந்தச் சமன்பாடாகவே வரும். பிப் ஃபைலையும் கொடுத்து சைட்பிராக் வசதியைப் போட்டால் மேற்கோள்களும் வரும். சமன்பாட்டு எண்கள், குறுக்குக் குறிப்புகள், கட்டங்களை இணைத்த அட்டவணைகள் இவற்றைக் கையால் பார்க்க வேண்டிவரும். ஆனால் இது ஒருவழிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைடுக்குப் படிக்க வேர்ட் கொடுங்கள், அவர் திருத்தியதை நீங்களே லிக்ஸில் ஏற்றுங்கள். திருத்திய வேர்ட் ஃபைலைத் திரும்ப லேடெக்காக மாற்றிக் கலக்கப் பார்த்தால் ஒரு வாரம் போகும். "சார், இதிலேயே ஜர்னலுக்கு அனுப்பிடலாமே" என்று ஆரம்பித்து அவரோடு வாதாட வேண்டாம். முதல் பேப்பர் ஏற்கப்பட்டதும் அவரே அடுத்தவரிடம் உங்களைக் கேட்கச் சொல்லுவார்.

ஆன்லைனில் சப்மிட் செய்யும்போது ஹைலைட்ஸ், அதாவது பேப்பரின் முக்கியச் செய்திகள், தனி ஃபைலாகக் கேட்கலாம். மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளியோடு சேர்த்து 85 எழுத்துக்கு மிகாமல். இதை லிக்ஸில் செய்ய வேண்டாம், லிப்ரேஆபிஸில் ஐந்து நிமிட வேலை. கவர் லெட்டரும் அப்படியே.

ரிவ்யூ வந்த பிறகு, மாற்றங்களைக் காட்டும் பதிப்பு ஒன்று கேட்பார்கள். முதலில் அனுப்பிய லிக்ஸ் ஃபைலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் டூல்ஸ் மெனுவில் கம்பேர் கொடுத்தால் போதும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, நீக்கியதும் சேர்த்ததும் தெரியும் மூன்றாவது ஆவணம் ஒன்றை லிக்ஸே தரும். அதை பிடிஎஃப் ஆக்கி இணைக்கலாம். பெரிய அட்டவணையோ நீளமான சமன்பாடோ மாறியிருந்தால் அந்த பிடிஎஃப் சில சமயம் உடையும். அப்போது இரண்டு டெக் ஃபைல்களையும் எடுத்து, அவற்றை ஒப்பிடும் லேடெக்டிஃப் கருவியை ஓட்டிப் பாருங்கள். சோர்ஸாக அனுப்புவது எப்போதும் மாற்றக் குறிகள் இல்லாத சுத்தமான பதிப்புதான். சேஞ்ச் ட்ராக்கிங்கை அணைத்தால் மட்டும் போதாது, எல்லா மாற்றத்தையும் 'அக்செப்ட்' கொடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

பேப்பர் ஏற்கப்பட்டதும் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி, வரும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் பார்த்துத் தரச் சொல்வார்கள். முதலிலிருந்து வரிக்கு வரி படிப்பதைவிட, மாற்றத்தின்போது எது உடையும் என்று தெரிந்து அதை மட்டும் உற்றுப் பாருங்கள்: தடித்த எழுத்து வெக்டர்கள் மெலிந்து போயிருக்கிறதா, மைனஸ் சின்னம் ஹைஃபனாகிவிட்டதா, நீங்களாக வரையறுத்த கட்டளைகள் எல்லா இடத்திலும் சரியாக விரிந்திருக்கிறதா, அட்டவணையில் அலகுகள் வரிசை மாறியிருக்கிறதா, எந்த ஆசிரியருக்கு எந்த முகவரி. அதில் செய்யும் திருத்தங்களை அன்றைக்கே உங்கள் லிக்ஸ் ஃபைலிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடம் தீசிஸ் எழுதும்போது அந்த ஃபைலைத் திறந்துதான் மூன்றாம் அத்தியாயத்தை எடுக்கப் போகிறீர்கள்.